தொண்டும் கருவியும்

சைவ நெறியில் தொண்டு கோயிலுக்குள் மட்டும் நடப்பதன்று. திருநீலகண்டர் தில்லையில் மட்பாண்டம் வனைந்தார். அதிபத்தர் நாகையில் வலை வீசினார். வயிற்றுப்பாட்டுக்கான தொழிலே அவர்களுக்கு வழிபாடாயிற்று.

தொழில் தொண்டாவது பெறுபவரின் தேவை நிறைவேறும்போதுதான். காஞ்சியில் வாழ்ந்த திருக்குறிப்புத் தொண்டர் அடியார்களின் ஆடையை வெளுத்துத் தருபவர். மெலிந்த முதியவர் ஒருவர் குளிருக்கு இருந்த ஒரே கந்தையைக் கொடுத்து, பொழுது சாய்வதற்குள் வேண்டும் என்றார். துவைத்தாயிற்று, உலர்த்தும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, விடவில்லை. தொண்டர் மழைமேல் பழி போடவில்லை. முதியவர் குளிரில் நடுங்குவாரே என்று பதறி, துவைக்கும் கல்லிலேயே தலையை மோதப் போனார். இறைவன் கை எழுந்து தடுத்தது என்கிறது பெரியபுராணம். இன்று அலுவலகங்களில் அந்த மழையின் இடத்தில் 'சர்வர் வேலை செய்யவில்லை' என்ற சொல் நிற்கிறது; தொண்டரின் பதற்றம்தான் இல்லை.

கருவிகள் தாமாக எதையும் அறிவதில்லை, அவற்றைக் கொண்டு அறிவது உயிரே என்பது சைவ சித்தாந்தம். கண்ணுக்கும் செவிக்கும் சொன்ன இந்த விதி கணினிக்கும் கைப்பேசிக்கும் பொருந்தும். கருவி நல்லதுமன்று, தீயதுமன்று. பொறுப்பு அதைக் கையாள்பவருடையது.

புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் செலுத்தும் முறை வந்தது. இடையில் கசிவதைத் தடுப்பது அதன் நோக்கம். அது நல்ல நோக்கம்தான். ஆனால் காட்டேரிக்குப்பம் போன்ற ஊர்களில் எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டிக்குப் பணம் ஏறியதா என்று அறிவதே தனி வேலை. 2024 தீபாவளியை ஒட்டி அங்கே மூடிக்கிடந்த ரேஷன் கடைகள் மீண்டும் திறக்கப்பட்டன. நூறு நாள் வேலையில் 2023 சனவரி முதல் நாளுக்கு இருமுறை படம் எடுத்துச் செயலியில் வருகையைப் பதிவது கட்டாயமானது. சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில் மண் வெட்டியவரின் உழைப்பு படம் ஏறாததால் பொய்யாகிவிடாது. ரேஷன் கடையில் ஒரு பெண், நாற்று நட்டுக் களை பறித்துத் தேய்ந்த விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துத் துடைத்து வைத்தாலும் இயந்திரம் ரேகையை ஏற்பதில்லை. அந்தத் தேய்மானமே அவர் உழைப்பாளி என்பதற்குச் சான்று. ஆதார் இல்லை என்ற காரணத்துக்காக உணவுப் பொருளை மறுக்கக் கூடாது என்று 2017 அக்டோபரிலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது. ஆணையில் இரக்கம் உண்டு. அது கடை வாசல் வரை வந்து சேர வேண்டும்.

கடலூர் மாவட்டத்து வடலூரில் 1867 மே 23 அன்று வள்ளலார் பசித்தோருக்கு உணவிடச் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரத்து மக்கள் அதற்கு 80 காணி நிலம் தந்தனர். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அங்கே சாதியும் சமயமும் ஊரும் கேட்பதில்லை, பசியே தகுதி.

அரசுக்குக் கணக்கும் சான்றும் தேவை. அவற்றை விட்டுவிட முடியாது. ஆனால் சான்று கேட்பது உரியவருக்குச் சேர்ப்பதற்காகவே, திருப்பி அனுப்புவதற்காக அன்று. ஆகவே மேசைக்குப் பின்னால் அமர்ந்திருப்போர் செய்ய வேண்டியது இதுதான்: இயந்திரம் மறுத்தால் பதிவேட்டை எடுங்கள், பதிவேடும் இல்லையென்றால் எதிரில் நிற்பவரின் முகத்தைப் பாருங்கள். வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.