குளம்பைத் தூக்குமுன்

உத்தமபாளையத்துப் பாறையில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களை வணங்கிப் போடிப் பக்கம் சென்றால், வண்டி ஏறாத மலைப்பாதைகளில் சுமை தூக்கும் குதிரைகளைக் காணலாம்.

கொல்லாமை அணுவிரதத்திற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் குற்றங்கள் 5: கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைச்சுமை ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல். முதலில் நிற்பது கட்டுதல் என்பதை நாம் எண்ணாமலே கடந்து விடுகிறோம்.

லாடம் வேண்டாமோ எனின், வேண்டும். 6 முதல் 8 வாரத்திற்கொருமுறை குளம்பைச் சீவாவிடில் குதிரை நொண்டும். நொண்டும் உயிர்மேல் சுமையேற்றுவதும் குற்றமே. குளம்பின் வெளிச்சுவருக்கு உணர்ச்சியில்லை. அதனுள் முறையாக அடித்த ஆணி வலிப்பதில்லை. நடுக்குவது அச்சமே. ஓடிப் பிழைக்கும் உயிர், ஒரு காலைப் பிறர் கையில் தந்தபின் எங்ஙனம் ஓடும்? மூக்கில் கயிறு முறுக்கி அடக்குவோர் நேரமில்லை என்பர்.

நேர்பின்னே நிற்றலாகாது, அங்கு அதன் கண் எட்டாது. குரல் கொடுத்துத் தோளருகே சென்று, கையைத் தோளிலிருந்து மெல்லக் கீழிறக்கி, காலைச் சிறிதே தூக்கி, அது அமைதியாய் நிற்கும்போதே விடவேண்டும். உதறியபின் விட்டால், உதறினால் விடுதலை எனக் கற்றுக்கொள்ளும். வகுப்பறையில் நெடுங்காலம் நின்ற நமக்கு இது புதிதன்று. சில நாளில் குதிரை தானே காலைத் தரும்.

நம் இல்லங்களில் குதிரையில்லை. ஆனால் வந்தவாசி, திண்டிவனப் பக்கங்களில் உழவுமாட்டைக் கயிற்றால் வீழ்த்தி லாடம் அடிக்கையில் அருகில் நின்று பார்த்தவர்கள்தாமே நாம்? வைக்கோல் பரப்பச் சொல்லலாம், தலையைத் தாங்கலாம், கடைசி ஆணி இறங்கியவுடனே கட்டை அவிழ்க்கச் சொல்லலாம்.