வண்டி போய்ச் சேருமா?

டயர் தேய்ந்திருந்தால் குனிந்து பார்த்தாலே தெரியும். பேட்டரி தளர்ந்திருந்தால் காலையில் சாவியைத் திருப்பும்போதே முனகிக் காட்டிவிடும். பிரேக் தேய்ந்தால் கீச்சிடும். கியர் பாக்ஸ் மட்டும் தன் உலோகக் கூட்டுக்குள் எண்ணெயில் முங்கி உட்கார்ந்திருக்கிறது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் இரண்டே வகை: அதைப் பிரித்த மெக்கானிக்குகள், பிரித்ததற்குப் பணம் கட்டியவர்கள். தொலைதூரப் பயணத்துக்கு முன்னால் மனம் போய் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வதில் வியப்பில்லை. கண்ணில் படாத உறுப்பைப் பற்றிய பயத்துக்கு எல்லை போடக் கண்ணாலும் முடியாது.

பங்குனி உத்திரத்துக்குத் திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பங்கள் எங்கிருந்தாலும் தங்கள் சாஸ்தா கோயிலைத் தேடிக் கிளம்பும். நாங்களும் சென்னையிலிருந்து கிளம்புகிறவர்கள். ரயிலில் இடம் கிடைக்காத வருஷங்களில் கார். நாள் குறித்த மறுநாளே என் காது மாறிவிடும். இரண்டாம் கியரில் ஒரு மெல்லிய இரைச்சல் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டேதான் மாதக்கணக்காக அலுவலகம் போய்வந்திருப்பேன். பயணம் என்று ஆனதும் அதே இரைச்சல், உளுந்தூர்பேட்டைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒரு பொட்டல் வெளியில் வண்டி நிற்கப்போவதற்கான முன்னறிவிப்பாக மாறிவிடுகிறது. வண்டியில் ஒன்றும் மாறவில்லை. தூரம்தான் மாறியது.

பழைய கார் வைத்திருப்பவர்கள் அஞ்சுகிற வாக்கியம் ஒன்று உண்டு: "கியர் பாக்ஸ இறக்கணும் சார்." பணம் ஒரு பக்கம். அதைவிட, இறக்கிய பிறகு என்ன வரும் என்று சொன்னவருக்கே தெரியாது என்பதுதான் அச்சம். சின்க்ரோ ரிங் மட்டும் போயிருக்கலாம், பேரிங் போயிருக்கலாம், பல் உடைந்திருக்கலாம். பிரித்தால்தான் தெரியும். பிரித்த பிறகு பண்டிகைக்குள் கோத்துக் கொடுப்பார்களா என்பது அடுத்த கேள்வி.

எனக்கு வாய்த்த மெக்கானிக் இந்தப் பேச்சையே அனுமதிக்காதவர். கைப்பிரேக்கை முழுக்க இழுத்து, மூன்றாம் கியரைப் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார். எஞ்சின் ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. அணைந்தால் நல்லது: கிளட்ச் பிளேட் பிடிக்கிறது என்று அர்த்தம். அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. கியர் கோளாறு என்று வருகிறவர்களில் பாதிப் பேர் கொண்டுவருவது கிளட்ச் கோளாறுதான் என்பது அவர் கட்சி. பிறகு வண்டியைத் தூக்கிக் கீழே போனார். பல சின்னக் கார்களில் கியர் ஆயிலின் அளவு பார்க்க எஞ்சினுக்கு இருப்பதுபோல் குச்சி கிடையாது. பக்கவாட்டில் இருக்கும் திருகைக் கழற்றி விரல் விட்டுத்தான் பார்க்க வேண்டும். அதனாலேயே வருஷக்கணக்காக யாரும் பார்ப்பதில்லை. ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து வெளிச்சத்தில் காட்டினார். அடித்திருகின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் குழம்புபோல் ஒட்டியிருந்தது. அது சாதாரணத் தேய்மானமாம். தகடு தகடாக மின்னினால்தான் பல்லோ பேரிங்கோ உதிர்கிறது என்று பொருள்.

"போய்ட்டு வாங்க சார்" என்றார்.

அந்த மூன்று சொல்லுக்காகத்தான் ஷெட்டுக்கு வந்திருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. ஆயிலும் காந்தமும் அதற்கு முந்தைய சடங்குகள். என் பயத்தில் ஒரு பங்கை இன்னொருவர் தலையில் இறக்கிவைக்க வேண்டும். அதற்கு ஒரு நிபுணரின் வாய் தேவைப்பட்டது. அவரும் இதை அறிந்தவர் போலிருக்கிறது. கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "கியர் பாக்ஸ் சொல்லாம கொள்ளாம நிக்காது சார். ரொம்ப நாளா சொல்லிக்கினே இருக்கும். நாமதான் பாட்டு போட்டுக்கினு போவோம்."

பெரும்பாலும் அது உண்மை. கியர் விழ மறுக்கும், விழுந்த கியர் தானாக வெளியே துள்ளும், ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் இரைச்சல் கூடும், நிறுத்தின இடத்தில் தரையில் ஆயில் சொட்டியிருக்கும், கிளட்ச் என்றால் கருகல் வாடை வரும். (தானியங்கி கியர் வண்டிக்காரர்களுக்கு இதில் சிரமம் கொஞ்சம் அதிகம். 2014-ல் மாருதி செலேரியோ ஏஎம்டியோடு வந்த பிறகு நடுத்தரக் குடும்பங்களின் இடது கால் ஓய்வு பெற்றுவிட்டது. அந்தக் காலுக்குத் தெரிந்துகொண்டிருந்த சங்கதிகளும் அதோடு போயின. இப்போது எச்சரிப்பது டாஷ்போர்டில் ஒரு விளக்கு.) அடையாளங்கள் இத்தனை இருந்தும் கவலைப்படுகிறவன் அவற்றைக் கேட்பதில்லை. கேட்பதற்கு அமைதி வேண்டும். கவலையோ ஓயாமல் பேசும்.

அது தவறான இடத்தைக் காவல் காப்பதும் உண்டு. சிறிய கார் ஒன்றில் முதல் கியரில் எஞ்சின் ஏறத்தாழ 13, 14 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். ஐந்தாம் கியரில் எஞ்சினின் மூன்று சொச்சம் சுற்றே போதும். செங்கல்பட்டு தாண்டி ஐந்தாம் கியரில் விழுந்த வண்டிக்கு அடுத்த டோல்கேட் வரைக்கும் கிளட்சில் கால் வைக்கும் வேலை அநேகமாக இல்லை. பற்கள் ஒரே சீராகச் சுழலும். கிளட்சும் கியரும் அடிபடுவது கத்திப்பாராவிலும் கிண்டியிலும், பத்தடி நகர்ந்து நின்று மறுபடி பத்தடி நகரும் நம் அன்றாடத்தில். அங்கே பாட்டுப் போட்டுக்கொண்டு போகிறவன், ஓய்வாக ஓடக்கூடிய 600 கிலோமீட்டருக்குத் தூக்கம் இழக்கிறான். ஆயில் குறைந்திருந்தால் மட்டும் கணக்கு மாறும்: மணிக்கணக்கான ஓட்டத்தில் சூடேறிப் பேரிங்குகள் போய்விடும். அதற்குத்தான் அந்தத் திருகைக் கழற்றிப் பார்ப்பது.

மலைப்பாதையில் இந்தத் தவறு உயிருக்கே வந்துவிடும். மசினகுடிக்கும் ஊட்டிக்கும் இடையே கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும் வண்டிகள் முதல் அல்லது இரண்டாம் கியரில் மட்டுமே இறங்க வேண்டும் என்று அங்கே பலகைகள் நிற்கின்றன. பெட்ரோல் மிச்சம், கியருக்கும் ஓய்வு என்று நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வண்டியின் கனம் முழுவதும் பிரேக்கின் மேல் விழுகிறது. அது காய்ந்து, கடைசி வளைவுகளில் பிடிக்காமல் போகிறது. தாழ்ந்த கியரில் போட்டிருந்தால் எஞ்சினே சக்கரத்தை இழுத்துப் பிடித்திருக்கும். கியர் பாக்ஸ் ஏற்றிவிடுமா என்றே எல்லோரும் கேட்கிறோம். இறங்கும்போது நம்மைப் பிடித்து நிறுத்துவதும் அதுதான் என்பது ஓட்டுநர்களில் பலருக்கு நினைவில் வருவதில்லை.

சரி, வண்டி நின்றேவிட்டால் என்ன ஆகும்? தேசிய நெடுஞ்சாலையில் 1033-க்கு அழைத்தால் உதவி வரும். இழுத்துப்போக வண்டி வரும். விழுப்புரத்திலோ பெரம்பலூரிலோ ஒரு லாட்ஜில் ஓர் இரவு. உத்திரத்து நாள் தவறிப்போகலாம், வருத்தம்தான். ஆனால் இந்தப் பட்டியலை எத்தனை முறை போட்டுப் பார்த்தாலும், வாரக்கணக்கில் வயிற்றைப் பிசைகிற அளவுக்கு இதில் எதுவும் இல்லை. வேறேதோ பிசைகிறது.

அம்பாசிடரில் ஊருக்குப் போன நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். ஐம்பதுகளின் கடைசியிலிருந்து 2014 வரை உத்தர்பாராவில் தயாரான வண்டி. வெகுகாலம் அதற்குக் கியர் ஸ்டியரிங் தண்டின் பக்கத்திலேயே இருந்தது. கம்பிகளும் மூட்டுகளுமாக அங்கிருந்து கீழே போகும். தேய்ந்துபோனால் இரண்டு கியருக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். டிரைவர் ஒன்றும் பேசாமல் ஓரம் கட்டுவார், பானெட்டைத் திறப்பார், கம்பியைக் கையால் அசைத்தோ ஸ்பானரால் தட்டியோ விடுவிப்பார். அதற்குள் கூஜாவும் இட்லிப் பொட்டலமும் புளியமர நிழலுக்கு இறங்கியிருக்கும். (நான்குவழிச் சாலை போட்டபோது அந்த மரங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. இன்று நிற்கவேண்டி வந்தால் நிழலுக்கு நம் வண்டிதான்.) ஒருவரும் டிரைவரை முறைத்ததாக நினைவில்லை. வண்டி என்றால் நிற்கும். நின்றால் பிறகு கிளம்பும்.

அந்தத் தலைமுறைக்கு அச்சம் குறைவு என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களுக்கும் ஆயிரம் பயங்கள். ஆனால் வண்டி நிற்காது என்று அவர்கள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள போயிருவோம்" என்றால் அந்தச் சாயங்காலத்துக்குள் ஒரு பஞ்சருக்கும் ஒரு ரேடியேட்டர் தண்ணீருக்கும் இடம் இருந்தது. இப்போது என் போன் போய்ச் சேரும் நேரத்தை நிமிஷக் கணக்கில் சொல்கிறது. வண்டி நம்பகமானதாக ஆக ஆக, அது நிற்பது வெறும் நிகழ்ச்சி என்ற நிலை போய் ஓட்டுகிறவனின் தோல்வி என்று ஆகிவிட்டது.

பின் சீட்டில் இருப்பவர்கள் தாம்பரம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவார்கள். யோசித்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய காரியம் அது: நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மனிதனை நம்பி நாலு பேர் கண்ணை மூடுவது. அதற்குப் பதிலாக நானும் "ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவைத்திருக்கிறேன். என் கையில் இல்லாத ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கடனுக்குக் கட்டுகிற வட்டிதான் இந்தக் கவலை. எவ்வளவு கட்டினாலும் அசல் குறையாது. அந்தப் பத்திரத்தில் கியர் பாக்ஸ் கையெழுத்துப் போடவில்லையே. பிள்ளைகளின் படிப்பு, பெற்றவர்களின் உடம்பு, வேலை என்று எதைப் பற்றி இரவில் விழித்துக் கிடந்தாலும், தோண்டினால் அடியில் இதே மாதிரி ஒரு பத்திரம் கிடைக்கிறது. யாரும் கேட்காமலே நாம் எழுதிக் கொடுத்தது.

எழுதிக் கொடுக்கக்கூடியது வேறு, மிகச் சிறியது. பார்க்க வேண்டியதைப் பார்த்துவைப்பேன். ஓட்டும்போது காது கொடுப்பேன். நின்றால் உங்களோடு நிற்பேன். இந்த மூன்றும் என் அதிகாரத்துக்குள் இருப்பவை. எந்த உலோகத்தின் சம்மதமும் தேவையில்லை.

அத்தை ஊரிலிருந்து போனில் கேட்டாள்: "என்னய்யா, வண்டி ஒழுங்கா வந்து சேந்துருமா?"

வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டு, "எல்லாம் பாத்தாச்சு அத்தை. நல்லாத்தான் இருக்கு. மீறி நின்னுட்டா, இறங்கி நின்னு சரி பண்ணிட்டு வருவோம்" என்றேன்.

"அப்படிச் சொல்லு. வர்ற நேரத்துக்கு வாங்க. சொக்கப்பானையா கொளுத்தப் போறோம், நேரம் தவறிப்போவ?" என்றாள். நிமிஷக் கணக்கு வேண்டும் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. அதை அவள் தலையில் சுமத்தியவன் நான்.

நிற்காத வண்டி கிடைத்த பிறகுதான் கிளம்புவது என்றிருந்தால் கார் என்ற ஒன்றே வளர்ந்திருக்காது. 1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், பதின்வயது மகன்கள் ஆய்கனையும் ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு, கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் மன்ஹைமிலிருந்து தன் தாய்வீடு இருந்த போர்ட்ஸ்ஹைமுக்குக் கிளம்பினார். கணவரிடம் சொல்லவில்லை. நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அதற்கு முன் யாரும் காரில் அவ்வளவு தூரம் போனதில்லை. எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டது. தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். மின்கம்பி உராய்ந்தது, காலுறைப் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் கறை நீக்கும் திரவத்தை வாங்கி ஊற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்து வாங்கிக்கொண்டார். மேடுகளில் வண்டி ஏற மறுத்தது. பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள்.

இருட்டும் வேளையில் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி கொடுத்தார். சில நாள் தங்கிவிட்டு அதே வண்டியில் திரும்பினார். வந்ததும் வழியில் பட்டதையெல்லாம் சொல்லி, மேடு ஏற வண்டிக்கு இன்னொரு கியர் வேண்டும் என்றார். கார்ல் பென்ஸ் தாழ்ந்த கியர் ஒன்றைச் செய்து அதில் சேர்த்தார்.