ஐப்பசி மழையும் அயலார் மண்ணும்

ஆங்கில இலக்கியத்தைப் பாடமாகப் பயிலும் மாணவர்க்கு 'இலையுதிர் காலம்' என்னும் தொடர் பழக்கமானது. ஆனால் சப்ரகமுவ மலைகளில் அத்தொடருக்குப் பொருள் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். அங்கே பெருமளவில் இலையுதிர்ப்பது றப்பர் மரம். அதுவும் தை, மாசி மாதங்களின் வறட்சியிலேயே உதிர்க்கின்றது. ஐரோப்பியர் இலையுதிர் காலம் எனக் கொள்ளும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களோ றக்வானைப் பகுதியில் எல்லாம் தளிர்க்குங் காலம். பண்டைத் தமிழர் இப்பொழுதினைக் கூதிர் என்றனர். பெயர்த்து வழங்கும் சொல்லினும் இப்பழஞ்சொல்லே அம்மலைக்குப் பொருந்துவதாகும்.

றக்வானை மலைத்தொடர் ஈரவலயத்தின் விளிம்பில் நிற்பது. மேற்கே சிங்கராஜ வனம். தென்கிழக்கே இறங்கினால் உடவளவையின் வரண்ட சமவெளி. தென்மேற்குப் பருவக்காற்றின் மழை தணிந்ததும், சமவெளியை நோக்கிய சரிவுகளில் மண் இறுகத் தொடங்கும். பின்னர் இரு பருவக்காற்றுக்களுக்கும் இடைப்பட்ட மழை வந்து சேரும். காலையில் வானம் வெளுத்திருக்கும். நண்பகலில் மேகந் திரளும். கொழுந்து நிறுக்கும் வேளையில் இடியோடு கொட்டும். முதல் மழையின் மண்வாசனைக்கு விஞ்ஞானிகள் பெயரிட்டது 1964 ஆம் ஆண்டில். அவுஸ்திரேலியரான பெயரும் தோமஸும் அதனைப் 'பெற்றிகோர்' என்றனர். அதே ஆண்டின் ஒக்டோபர் மாதத்திலேதான், அம்மண்ணிற் பிறந்தோருள் எத்தனை பேர் அதைவிட்டு நீங்கவேண்டும் என்ற கணக்கும் சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கையில் எழுதப்பட்டது. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆயினும் மறக்கக்கூடிய தற்செயலன்று.

மலையகத் தமிழில் 'தோட்டம்' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. நூற்றுக்கணக்கான ஏக்கர் தேயிலையும் றப்பரும் துரை பங்களாவும் தொழிற்சாலையும் சேர்ந்தது ஒரு தோட்டம். லயத்து இஸ்தோப்பின் முன்னும் கானின் கரையிலுமாகக் கிடக்கும் துண்டு நிலம் மற்றொரு தோட்டம். அதிலே அவரை, பூசணி, மிளகாய், மரவள்ளி, ஓரத்தில் ஒரு வாழை, பீலிக்கரையிற் கறிவேப்பிலை. ஐப்பசி மழை இரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை. வேறுபாடு சட்டத்தில் உள்ளது: பெரிய தோட்டம் கம்பனியிடமோ அரசிடமோ இருக்கும், சிறிய தோட்டத்தைக் கொத்துபவருக்கு அதன்மேல் எழுத்துவடிவான உரிமை ஏதுமில்லை. எனவே மழை மீளுந்தோறும் பழைய வினாவொன்றும் மீள்கின்றது. தனதல்லாத மண்ணில், விளைவை அறுக்கும் நாள்வரை அங்கே இருப்போமா என்ற உறுதியுமின்றி, விதையூன்றுவது அறிவுடைமையாகுமா?

அறிவுடைமையன்று என்பார்க்கு வரலாறு துணைநிற்கும். 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழருட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1964 ஆம் ஆண்டின் உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் பங்கீடு 1974 இல் முடிவாயிற்று. 1977 ஆம் ஆண்டிலும் 1981 ஆம் ஆண்டிலும் சப்ரகமுவத் தோட்டங்களில் நிகழ்ந்த வன்செயல்களின்போது குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறின. வவுனியா முதலிய இடங்களுக்குச் சென்று வேறு மண்ணிற் கொட்டில் போட்டோர் பலர். அவர்கள் விட்டுச்சென்ற அவரைப் பந்தலிற் காய் பறித்தவர் வேறெவரோ. இத்தனையும் கண்டபின்னரும் மழை விழுந்த மறுநாட் காலை மண்வெட்டியை எடுப்பவரை என்னென்று சொல்வது?

மேலைநாட்டு மெய்யியலாளருள் ஜோன் லொக் இதற்கு விடை தருபவர்போலத் தோன்றுவார். 1689 இல் வெளிவந்த தமது அரசியல் நூலில், ஒருவன் தன் உழைப்பை மண்ணோடு கலக்கும்போது அது அவனதாகின்றது என வாதிட்டார். லயத்துக் கொல்லையைக் கொத்துபவருக்கு இதனினும் உவப்பான கோட்பாடு இருத்தல் அரிது. ஆனால் அவ்வத்தியாயத்திலேயே, தன் வேலையாள் வெட்டிய புல்லும் எசமானனின் உடைமையே என்றும் லொக் கூறிச் செல்கின்றார். தேயிலைத் தோட்டத்தின் சட்டம் முழுவதும் இந்த ஒரு வரியுள் அடங்கும். எனினும் கவனிக்கத்தக்கது யாதெனின், சிறிய தோட்டத்தைக் கொத்துவோர் அங்கே எவருடைய வேலையாளுமல்லர் என்பதே. பேர் போட்டு முடிந்து, கொழுந்து நிறுத்து முடிந்து, மாலை வெளிச்சத்திற் செய்யும் வேலை அது. லொக்கின் அளவுகோலை லொக்குக்கே காட்டினாலும் அந்நிலம் அவர்களுடையதாகவே முடியும்.

கீழைநாட்டு விடையொன்றும் உண்டு: பயனை எண்ணாது கருமத்தைச் செய் என்பது. இதனை லயத்து வாசலில் நின்று போதிப்பது கொடுமை. அந்த அறிவுரை கேட்டவன் அருச்சுனன். அவனுக்கு வெல்வதற்கு ஓர் அரசு இருந்தது. துறப்பதற்கு ஏதுமில்லாதவரிடம் துறவு கேட்பது முறையன்று. மேலும், பூசணி விதை ஊன்றும் பெண் பயனைத் துறந்தவளுமல்லள். அவளுக்குப் பூசணிக்காய் வேண்டும், கறிக்கு வேண்டும்.

மழையை அறத்தோடு பிணைத்து நோக்குவது தமிழ் மரபு. திருக்குறளிற் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பு வைக்கப்பட்டமை ஆழ்ந்த செயல். தானமும் தவமும் மழைக்குப் பின்னரே இயல்வன என்று வள்ளுவர் கண்டார். பிற்காலத்தில் வேரூன்றிய, நல்லவர் பொருட்டே மழை பொழிகின்றது என்னும் நம்பிக்கையோ வேறு வகையினது. அதனை ஏற்றால் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதிக்கு விடை கூற வேண்டிவரும். அன்று காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில், இதே ஐப்பசி மழையில், மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. புதையுண்டோர் அனைவரும் தீயோரா? அச்சரிவின் ஆபத்து முன்னரே சுட்டிக்காட்டப்பட்டிருந்தது. மக்கள் அங்கேயே இருந்தனர், அவர்களுக்கு வேறிடம் இருக்கவில்லை. 1755 இல் லிஸ்பன் நகரம் பூகம்பத்தால் அழிந்தபோது வோல்ற்றயர் இறைவனின் நீதியை ஐயுற்றார். ரூஸோ மறுத்தெழுதினார்: அவ்விடத்தில் ஆறேழு மாடி வீடுகளை நெருக்கிக் கட்டியது இயற்கையன்று என்பது அவர் வாதம். லயங்களையும் மழை கட்டவில்லை. மழை பாரபட்சமற்றது எனப் போற்றுவோர், அது விழும் சரிவுகள் அவ்வாறு பங்கிடப்படவில்லை என்பதையும் உடன்கூறக் கடமைப்பட்டவர்.

முல்லைத் திணையிற் கார் மீளும்போது பிரிந்தவனும் மீள்வான், அதற்காகவே இருத்தல். றக்வானையிலே மழை மட்டும் தவறாது மீள்கின்றது. சென்றவருட் பலர் நீலகிரியிற் குடியேறினர். அவர்களுக்கெனத் தமிழக அரசு 1968 இல் தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில், கூடலூரிலும் கோத்தகிரியிலும், மீண்டும் கொழுந்து பறித்தனர். அங்கும் மழை உண்டு. ஆனால் அவர்கள் நட்ட பலா இங்கேயே நின்றது.

வினாவின் முடிச்சு உண்மையில் இந்தப் பலாவிலேதான் உள்ளது. அவரையை எவரும் ஊன்றலாம். ஓரிரு மாதங்களிற் காய்க்கும். அதற்கு அடுத்த பருவத்தை நம்பினாற் போதும். பலாவோ பல ஆண்டுகள் கேட்பது. அதனை ஊன்றுபவர், தாமோ தம் மக்களோ அங்கிருப்பர் என நம்புகின்றார், அல்லது எவர் இருந்தாலும் உண்ணட்டும் என இசைகின்றார். முன்னது உரிமை கோரல், பின்னது கொடை. உறுதிப்பத்திரம் இல்லாதவரிடத்து இவ்விரண்டும் ஒரே விதையில் இருப்பதே வியப்பு. அதனைப் பேதைமை என்று கணக்கிடுபவர், வெளியேறியோர் நட்டதை உண்டு வளர்ந்தவர்களைக் கணக்கில் விட்டுவிடுகின்றனர். சட்டமும் இங்கே விந்தையானதே: பலாவை அனுமதியின்றித் தறித்தலை 1951 ஆம் ஆண்டிலேயே கட்டுப்படுத்திய நாடு, அதை நட்டவரைப் பெயர்ப்பதற்கு அத்தகைய தயக்கம் காட்டவில்லை.

நாடற்றோராய் எஞ்சியோருக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாற் குடியுரிமை கிடைத்தது. காணியுரிமை இன்னும் பெரும்பாலோரை எட்டவில்லை. அண்மைக்கால வீடமைப்புத் திட்டங்களிற் பேசப்பட்ட அளவு ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச். ஏறத்தாழ 1,900 சதுர அடி. வீடு, கிணற்றடி அல்லது குழாயடி, வழி ஆகியவை போக மிஞ்சும் இடத்தில் அவரைப் பந்தல் தாராளமாக நிற்கும். பலாவை நட்டால் சில ஆண்டுகளில் அதன் கிளை கூரையைத் தொடும். வேர் அத்திவாரத்தைத் தேடும். பத்திரம் கைக்கு வந்தவரும் இனி எங்கே ஊன்றுவதென்று கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கின்றனர்.