காண்பதிலும் ஹிம்சை உண்டோ?

நம் இல்லங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய வினா எழுந்துள்ளது. பிள்ளைகளும் பெயரப் பிள்ளைகளும் விடுமுறை நாள்களில் அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் மாலத்தீவுக்கும் செல்கின்றனர். முதுகில் காற்றுக்கலம் சுமந்து கடலடியில் இறங்கிப் பவளப்பாறைகளைக் கண்டு மீள்கின்றனர். 'ஸ்கூபா' என்பது அம்முறையின் பெயர். பிரான்சு நாட்டுக் கூஸ்தோ, கான்யான் என்னும் இருவர் 1943ஆம் ஆண்டில் உருவாக்கிய மூச்சுக் கருவியிலிருந்து வளர்ந்தது அது. "நாங்கள் மீன் பிடிக்கவில்லை, ஓர் உயிரையும் துன்புறுத்தவில்லை. கண்டோம், வந்தோம். இதில் பாவம் யாது?" என்று அவர்கள் கேட்கின்றனர்.

இது நேர்மையான கேள்வி. "நம் முன்னோர்க்கு இவ்வழக்கம் இல்லை" என்று கடிந்து ஒதுக்குவது விடையாகாது. முன்னோர் காணாத செயல்களை அளப்பதற்கும் அவர்கள் நமக்கு அளவுகோல்கள் தந்து சென்றுள்ளனர். அவற்றைக் கொண்டே இதனையும் அளந்து பார்ப்போம்.

பவளம் எவ்வகை உயிர்?

வட்டகேரர் அருளிய மூலாசாரம் நிலத்தையே உடலாகக் கொண்ட உயிர்களின் வரிசையில் மணல், உப்பு, உலோகம், மணி ஆகியவற்றோடு பவளத்தையும் சேர்க்கின்றது. அஃதாவது பவளம் ஓரறிவுயிர், பிருதிவிகாயம். ஐரோப்பாவிலோ நெடுங்காலம் அதனைச் செடி என்றே கருதினர். 1720களில் பெய்சொன்னெல் என்னும் பிரெஞ்சு மருத்துவர், பவளத்தின் பூக்கள் எனப்பட்டவை பூக்கள் அல்ல, சிறு விலங்குகளே என்று கண்டுரைத்தார். பாரிசு நகர அறிஞர் கழகத்தினர் அதனை உடனே ஏற்றிலர். ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழிந்த பின்னரே அவர் கூற்று நிலைபெற்றது.

இன்றைய உயிரியல் கூறுவது இது. பவளப்பாறையின் மேற்பரப்பில் கோடிக்கணக்கான பவளப் பூச்சிகள் கூடி வாழ்கின்றன. அவை கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. பழைய வீட்டின் மேல் புதிய வீடு எழுவதால் பாறை வளர்கின்றது. பூச்சியின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி கதிரவன் ஒளியால் உணவு சமைத்துப் பூச்சிக்கு அளிக்கின்றது. பூச்சி பாசிக்கு உறைவிடமும் உரமும் தருகின்றது. உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி நிற்பதே அவற்றின் இயல்பு என்று உமாசுவாதி ஆசாரியார் உரைத்ததற்கு இதனினும் தெளிவான காட்டு அரிது. உலகக் கடற்பரப்பின் அடித்தளத்தில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவான இடத்தையே கொண்டுள்ள பவளப்பாறைகளைக் கடல்வாழ் உயிரினங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சார்ந்து வாழ்கின்றன.

பழம் நூலின் பகுப்பும் இன்றைய உயிரியலின் பகுப்பும் முற்றிலும் ஒன்றே என்று நாம் வலிந்து நிறுவ வேண்டுவதில்லை. இரண்டும் ஒருமுகமாகச் சொல்வது ஒன்றுண்டு: அது வெறுங்கல் அன்று. ஒரு பொருளில் உயிர் உண்டோ இல்லையோ என்னும் ஐயம் எழும்போது உண்டு எனக் கொண்டு நடப்பதே நம் மரபு. இங்கே ஐயமும் இல்லை.

இறங்குவோர் செய்யும் தீங்கு

திரண்ட வகைப் பவளம் ஆண்டொன்றுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வளர்வதில்லை. கிளைவிடும் வகை 10 சென்டிமீட்டர் வரை வளரலாம். பயிற்சி போதாத ஒருவர் நிலைதடுமாறித் துடுப்புக் காலணியால் ஓர் உதை விட்டால், பல ஆண்டு வளர்ச்சி நொடியில் முறிந்து விழும். கிளம்பும் மணல் பவளத்தின் மேல் படிந்து ஒளியை மறைக்கும். படகின் நங்கூரம் விழும் இடத்தில் நேரும் அழிவோ இதனினும் பெரிது.

கரீபியக் கடலில் நெதர்லாந்து அரசுக்கு உட்பட்ட பொனேர் என்னும் தீவில் 1979ஆம் ஆண்டு கடற்பூங்கா அமைத்தனர். பவளத்தின் மேல் நங்கூரம் பாய்ச்சக் கூடாது. நிலையாக நாட்டிய மிதவைகளிலேயே படகைக் கட்ட வேண்டும். புதிதாக வருவோர் முதலில் ஒரு முறை இறங்கித் தம் உடலை நீரில் சமநிலையில் நிறுத்தக் காட்ட வேண்டும். இவற்றோடு, கையுறை அணிந்து இறங்கவும் பொதுவாகத் தடையுண்டு. கையில் உறை இருந்தால் எதையும் தொடலாம் என்னும் துணிவு வந்துவிடும். வெறுங்கையாயின் அச்சத்தால் விலகி நிற்பர். மனத்தின் போக்கை அறிந்து வகுத்த விதி இது.

துறவியர் நான்கு முழத் தொலைவு நிலம் நோக்கி, உயிர்க்கு ஊறு நேராவண்ணம் அடி வைத்தலை ஈரியா சமிதி என்கிறோம். நீருள் இறங்குவோர் கற்க வேண்டியதும் அதுவே. நிலத்தில் நடப்போர்க்கு நோக்க வேண்டிய வழி ஒன்று. நீரில் மிதப்போர்க்கோ முன்னும் பின்னும் மேலும் கீழும் நோக்கம் வேண்டும்.

பசிபிக் பெருங்கடலின் மேற்குப் பகுதியில், பிலிப்பைன்சுக்குக் கிழக்கே உள்ள பலாவு நாட்டில் ஓர் ஏரி உண்டு. நம் மீனவர் சொறி எனும் ஜெல்லி மீன்கள் அங்கே பெருங்கூட்டமாக வாழ்கின்றன. அவ்வேரியில் நீர்மேல் மிதந்து காணலாம். காற்றுக்கலத்துடன் இறங்குதல் கூடாது. ஆழத்தில் நச்சுத் தன்மையுள்ள ஹைட்ரஜன் சல்பைடு இருப்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் நம் சிந்தனைக்குரியது: இறங்குவோர் விடும் மூச்சுக் குமிழிகள் அம்மெல்லுயிர்களின் குடை போன்ற உடலுள் சிக்கி அவற்றுக்கு ஊறு செய்யக்கூடும். நாம் விடும் மூச்சும் பிறிதோர் உயிரைத் தாக்கும் என்னும் நினைவால் வாயைத் துணியால் மறைக்கும் துறவியரைக் கண்டு நகைப்போர் உண்டு. அவர்கள் இவ்வேரியின் விதியை எண்ணிப் பார்ப்பாராக.

கண்ணுக்குத் தெரியாத தீங்கு

ஒருவர் எதனையும் தொடாமல், எதனையும் முறிக்காமல் கண்டு மீண்டார் எனக் கொள்வோம். அவர் கணக்கு தீர்ந்ததா? செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றாலும் வினை வந்து பற்றும் என்பது நம் கொள்கை.

கடல்நீர் வழக்கமான கோடைக்கால உச்ச வெப்பத்தைவிட ஒரு டிகிரி செல்சியசு மிகுந்து சில வாரங்கள் நீடித்தால், பவளப் பூச்சி தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகின்றது. நிறம் தந்த பாசி நீங்கியதும் பவளம் வெள்ளெலும்பாய் வெளிறித் தோன்றும். வெப்பம் விரைவில் தணிந்தால் பிழைக்கும். இன்றேல் பட்டினியால் மடியும். 1998, 2010, 2014–17 ஆகிய காலங்களில் உலகளாவிய வெளிறல் நேர்ந்தது. 2023இல் தொடங்கிய நான்காவது வெளிறலை 2024 ஏப்ரலில் அறிவியலார் உறுதி செய்தனர். கரி எரிபொருள்களை எரிப்பதால் எழும் வாயு உலகை வெப்பமாக்குவதே இதன் முதற்காரணம்.

பவளத்தைக் காண ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வானூர்தியில் பறப்பவர், தாம் காணச் செல்லும் உயிரையே வெதுப்பும் தீக்குச் சிறு சுள்ளி இடுகின்றார். அவர் மட்டுமோ? திருமண விருந்துக்குப் பறப்பவரும் தீர்த்த யாத்திரைக்குப் பறக்கும் முதியோராகிய நாமும் அத்தீக்குச் சுள்ளி இடுவோரே. ஆகவே இளையோரை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றுதல் முறையன்று. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. இல்லறத்தான் அடுப்பெரித்தல் முதலிய மனைவினைகளில் நேரும் ஹிம்சை ஆரம்பி. உழவு, தொழில்களில் நேர்வது உத்யோகி. தற்காப்பில் நேர்வது விரோதி. இம்மூன்றையும் முற்றும் தவிர்த்தல் இல்லறத்தார்க்கு இயலாது என்பர். பவளத் தீவில் வழிகாட்டிப் பிழைப்பவர்க்கு அது தொழில். அவரால் நேர்வது உத்யோகியில் அடங்கும். விளையாட்டாக இறங்குபவர்க்கோ இவற்றுள் எதிலும் புகலிடம் இல்லை. கவனக்குறைவால் உயிர்க்கு ஊறு நேர்வதே ஹிம்சை என்பது தத்துவார்த்த சூத்திரத்தின் வரையறை. அறியாதவரை அறியாமை, அறிந்த பின்னும் பொருட்படுத்தாமை கவனக்குறைவே ஆகும்.

விலையால் வரும் காவல்

இதற்கு மறுப்புரை ஒன்றுண்டு, அது வலியது. காண வருவோர் தரும் பணமே பல இடங்களில் பவளத்தைக் காக்கின்றது என்பர். பலாவு நாடு 2009ஆம் ஆண்டில் தன் கடல் முழுவதையும் சுறாக்களின் புகலிடமாக அறிவித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆஸ்திரேலிய ஆய்வாளர் ஒரு கணக்கிட்டனர். அங்குள்ள ஒரு சுறா தன் வாழ்நாள் முழுதும் பயணியரை ஈர்த்து ஈட்டித் தருவது ஏறத்தாழ 19 லட்சம் டாலர். அதனையே கொன்று விற்றால் கிடைப்பது 108 டாலர். இக்கணக்கைக் கேட்டு மனம் மாறிய நாடுகளும் மீனவரும் உண்டெனில் நாம் மகிழ வேண்டும். உயிர் பிழைத்த சுறாவுக்குத் தன்னைக் காத்தது அருளா பொருளா என்பது பொருட்டன்று.

ஆயினும் காப்பவர்க்கு அது பொருட்டே. 108 டாலருக்குப் பதில் 19 லட்சம் என்பதால் கொல்லாதிருப்பவர், கணக்குத் தலைகீழானால் என் செய்வார்? இது வெற்றுக் கற்பனையன்று. பலாவு 2020 முதல் தன் கடற்பரப்பில் 80 விழுக்காட்டை மீன்பிடிக்கு மூடியது. அவ்வாண்டிலேயே பெருந்தொற்று வந்து பயணியர் வரவு நின்றது. வருவாய் குன்றிய நிலையில், மூடிய கடலில் ஒரு பகுதியைத் திறந்துவிடலாமா என்னும் விவாதம் அந்நாட்டில் எழுந்தது. அம்மக்களைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. சிறு நாட்டின் வறுமை அவர்கள் அறிவர். விலையை மட்டுமே வேலியாகக் கொண்ட காவல் சந்தை சரியும்போது தானும் சரியும் என்பதையே இங்கு நோக்குகின்றோம்.

அதே பலாவில் பணம் சாராத காவலும் உண்டு. மீன்கள் முட்டையிடும் காலத்தும், ஒரு பகுதி வளம் குன்றிய காலத்தும் ஊர்த் தலைவர்கள் அப்பாறையைச் சிலகாலம் மூடிவிடுவர். 'புல்' என்பது அவ்வழக்கின் பெயர். பயணியர் எவரும் வாராத காலத்திலேயே தம் பசிக்குத் தாமே எல்லை கட்டிக்கொண்ட நெறி அது. நம் மொழியில் சொன்னால் விரதம்.

அவ்வழியில் 2017 டிசம்பர் முதல் பலாவுக்குள் நுழையும் ஒவ்வொருவரும் தம் கடவுச்சீட்டில் பதிக்கப்படும் ஓர் உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். அந்நாட்டுக் குழந்தைகளை முன்னிலைப்படுத்தி அமைந்தது அது. மென்மையாக நடப்பேன், தீங்கு செய்யேன் என்பவற்றோடு, கொடாததைக் கொள்ளேன் என்னும் கருத்தும் அதில் உள்ளது. அசௌரியம் என்னும் அணுவிரதத்திற்கு நம் நூல்கள் தரும் விளக்கமும் இதுவே அன்றோ! நம்மை அறியாத மக்கள் தம் தீவைக் காக்க முயன்றபோது விரதத்தின் சொற்களையே வந்தடைந்தனர் என்பது நெஞ்சை நெகிழ்விப்பது.

கீழ்த்திசைக்கும் எல்லை உண்டு

குணவிரதங்களுள் முதலாவது திக்விரதம். நான்கு திசைகளுக்கும் நான்கு மூலைகளுக்கும் எல்லை வகுப்பதோடு மேல், கீழ் ஆகிய இரண்டிற்கும் எல்லை வகுக்க வேண்டும் என்பது அதன் விதி. மேலே மலையும் கீழே கிணறும் சுரங்கமுமே முன்னோர் கருதியவை ஆகலாம். வானூர்தியும் காற்றுக்கலமும் வந்த இக்காலத்தில் அவ்விதியின் பொருள் விரிந்துள்ளது. எல்லைக்கு உட்பட்டு நின்றால் எல்லைக்கு அப்பாலுள்ள உயிர்களுக்கெல்லாம் நம்மால் அச்சமில்லை என்பதே அவ்விரதத்தின் பயன்.

அடுத்தது அனர்த்த தண்ட விரதம். அதன்கண் விலக்க வேண்டியவற்றுள் ஒன்று பிரமாதசரியை. நிலத்தை வீணே அகழ்தல், நீரை வீணே கலக்குதல், பயிரை வீணே அறுத்தல் ஆகியவற்றோடு, பயனின்றித் தான் திரிதலையும் பிறரைத் திரியச் செய்தலையும் சமந்தபத்திர ஆசாரியார் இரத்தின கரண்டகத்தில் இதனுள் அடக்குகின்றார். சொல்லின் ஆற்றல் 'பயனின்றி' என்பதில் உள்ளது. பயன் உண்டாயின் நிலை வேறு. ஒருவர் கடலடியைக் கண்டு, உயிர்களின்பால் அருள் மிகுந்து, தம் நுகர்ச்சியைக் குறைத்து வாழத் தலைப்பட்டால் அக்காட்சி பயனுடையது. நிழற்படம் காட்டி வியப்பைப் பெறுவதோடு முடிந்தால், அடுத்த ஆண்டு வேறொரு தீவு, அதற்கடுத்த ஆண்டு இன்னொன்று என்று வேட்கை வளர்ந்தால், கண்ணால் மட்டுமே நுகர்ந்தாலும் அது நுகர்ச்சியே.

நம் கரையில்

கடலில் கால் நனைக்காதோர் தம்மைத் தூயோர் எனக் கருத வேண்டா. இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் உள்ளன. அங்குள்ள பவளப் பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்குமாகப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்தனர். 1986இல் அப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாயிற்று. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளம் இடம்பெற்றது. அதற்குள் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுள் மூழ்கின. பவளம் வெட்டியது அதற்கொரு காரணம் என்பர். காண இறங்கிய எவரினும், காணாமலே சுவருக்குப் பூசியோரால் நேர்ந்த அழிவு பெரிது.

ஆதலின் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது "போகாதே" என்பதன்று. "அளந்து போ" என்பதே. செல்வதாயின் அருகிலுள்ள இடத்தைத் தேர்க. நீச்சல் குளத்தில் உடலை நிலைநிறுத்தப் பழகிய பின்னரே கடலில் இறங்குக. எதனையும் தொடாதீர், சங்கோ சிப்பியோ பவளத் துண்டோ எடுத்து வாராதீர், விலைக்கும் வாங்காதீர். வாழ்நாளில் இத்தனை முறை என எல்லை கட்டுக. வீட்டிலிருக்கும் நாமோ வேண்டாத பயணத்தையும் வீண் செலவையும் குறைப்போம். பவள மாலையும் அலங்காரச் சங்கும் வாங்குவதை விடுவோம். வரும் தசலட்சண பர்வத்தின்போது குடும்பத்தார் அனைவரும் ஒன்றாய் அமர்ந்து, முதியோர் தமக்கும் இளையோர் தமக்கும் பத்துத் திசைகளின் எல்லையை எழுதி வைத்துக்கொள்வது நல்லது. கீழ்த்திசையை மறவாது எழுதுக.

வாழ்க அருகன் அறம்! வளர்க கொல்லாமை!