ஏட்டில் மட்டும் இருந்த பணம்

இத்தாலியில் பார்மா நகரை ஒட்டிய சிற்றூர் கொல்லேக்கியோ. அங்கே பன்றி இறைச்சியைப் பதப்படுத்தி விற்றுவந்த குடும்பத்தின் பிள்ளை கலிஸ்தோ தான்சி, 1961-இல், 22 வயதில், பால் ஆலை தொடங்கினார். அதுதான் பார்மலாத்.

பால் தூரம் போனால் கெட்டுவிடும். அதனால் பால் வியாபாரம் அந்தந்த ஊரோடு நின்றுவிடும். தான்சி இந்த எல்லையைத் தாண்டினார். பாலைச் சில விநாடிகள் 135 டிகிரிக்கு மேல் சூடாக்கிக் குளிர்விக்கும் முறையையும், ஸ்வீடனின் டெட்ரா பேக் அட்டைப்பெட்டியையும் இணைத்தார். குளிர்பெட்டி இல்லாமலே மாதக்கணக்கில் பால் கெடாமல் இருந்தது. இது மெய்யான திறமை; பின்னால் நடந்ததை வைத்து இதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை.

2003-இல் நிறுவனம் 30 நாடுகளில் இருந்தது; சுமார் 36,000 பேருக்கு வேலை கொடுத்தது. பார்மா நகரின் கால்பந்து அணியும் அதன் கையில்தான். அந்த டிசம்பரில் ஒரு செய்தி வந்தது. கேமன் தீவுகளில் இருந்த கிளை நிறுவனத்தின் பெயரில், பேங்க் ஆஃப் அமெரிக்காவில் 395 கோடி யூரோ இருப்பதாகக் கணக்கு காட்டியிருந்தார்கள். அப்படி ஒரு கணக்கே இல்லை என்றது வங்கி. தணிக்கையாளர்களிடம் காட்டிய வங்கிக் கடிதம் போலி. மொத்தக் கடன் சுமார் 1,400 கோடி யூரோ என்று பிறகு தெரிந்தது.

பண்ணைக்காரர் ஊற்றும் பாலில் கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் விலை போடுவார்கள். அந்தக் கண்டிப்பில் சிறு பங்குகூட முதலாளியின் ஏட்டின்மேல் விழவில்லை. நம்ம ஊர்க்காரர், தேவாலயத்துக்கு வாரி வழங்குபவர், வேலை தந்தவர். அவரிடம் யார் கேட்பது? அந்த மரியாதையே மறைவிடமானது. சுமார் 50 கோடி யூரோவைக் குடும்பத்தின் மற்றத் தொழில்களுக்குத் திருப்பியதாகத் தான்சியே விசாரணையில் ஒப்புக்கொண்டார். கடன் பத்திரங்களில் சேமிப்பைப் போட்ட சாதாரண மக்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பால் ஊற்றியவர்களுக்கும் பாக்கி நின்றது.

ஆலைகள் மட்டும் நிற்கவில்லை. அரசு நியமித்த என்ரிக்கோ போந்தியின் பொறுப்பில் பால் வந்தது, பெட்டிகள் போயின. தொழில் நல்ல தொழில்தான். 2010-இல் பார்மா நீதிமன்றம் தான்சிக்கு 18 ஆண்டு சிறை விதித்தது. அடுத்த ஆண்டு பார்மலாத், பெஸ்னியே குடும்பம் நடத்தும் பிரெஞ்சு நிறுவனமான லக்தாலிஸின் கைக்குப் போனது.