நோயாளியின் மொழியில் மருத்துவம்

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசுச் சம்பளத்தை நாடி ஊரைவிட்டுப் போவதைக் கண்டு, 1860களில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். மருத்துவ நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். எத்தனை பெரிய துணிவு அது! தமிழில் படித்தால் அரசு வேலை கிடைக்காது, புதிய ஆய்வுகள் எட்டாது என்ற மறுப்பில் நியாயம் உண்டு; ஆய்வுக்கு ஆங்கிலம் வேண்டும்தான். ஆனால் சிகிச்சை, நோயாளி சொல்வதைக் கேட்பதிலிருந்து தொடங்குகிறது. இன்றும், கேரளத்தில் மூணாறு அருகே உள்ள பள்ளிவாசல் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண், நெஞ்சு எப்படி வலிக்கிறது என்பதைத் தமிழில்தான் சரியாகச் சொல்வார். அதைப் புரிந்துகொள்ளும் மருத்துவரும், மருந்தை எத்தனை வேளை சாப்பிட வேண்டும் என்று தமிழில் எழுதிய சீட்டும் அவருக்குக் கிடைத்தாக வேண்டும்.