வலி என்ன, தண்டனையா?

“வயதானால் வலி வரத்தான் செய்யும், பொறுத்துக் கொள்ள வேண்டியதுதான்.” இடுப்பெலும்பு முறிந்து, அறுவை முடிந்து, புரளவும் இயலாமல் முனகிக் கிடக்கும் முதியவரின் தலைமாட்டில் நின்று நம்மவர் கூறும் ஆறுதல் இது. முன்வினை என்பார் ஒருவர். தலைவிதி என்பார் மற்றொருவர். பட்டுத் தீர்த்தால் பாவம் கரையும் என்பார் மூன்றாமவர். வலிப்பது மட்டும் இம்மூவரில் எவருக்கும் அன்று!

வெட்டுண்ட தசையிலிருந்து நரம்பு வழியே மூளைக்கு ஓடும் செய்தி, வலி. அது முற்பிறவியிலிருந்து புறப்பட்டு வருவதில்லை. இதை அறிந்த பின்னும் அதற்குப் புனிதம் பூசும் மடமை நம் நாட்டுக்கு மட்டும் உரியதா? அன்று. 1847-ல் எடின்பரோவில் சிம்சன் எனும் மருத்துவர் பிள்ளைப்பேற்று வலிக்குக் குளோரபாரம் கொடுத்தார். அவ்வலி ஏவாளுக்கு ஆண்டவன் இட்ட சாபமாயிற்றே, அகற்றலாமோ எனும் மறுப்புக்கு விடையாக அவ்வாண்டே அவர் தனி வெளியீடு ஒன்று எழுத வேண்டியிருந்தது. 1853-ல் விக்டோரியா அரசியார் தம் பேற்றின்போது அதே மருந்தை ஏற்றார். அரசிக்கு வலித்தபோதுதான் சாபத்துக்கு விலக்குக் கிடைத்தது போலும்!

வேதத்தின் பெயரால் வரும் மறுப்பை எளிதில் ஒதுக்கலாம். அறிவின் பெயரால் வரும் மறுப்பை அவ்வாறு ஒதுக்கவியலாது. “மார்பின் அபினிலிருந்து எடுப்பது, அடிமையாக்குவது, முதியவருக்கு அதைத் தரலாமா?” என்று கேட்பவர் மூடரல்லர். அமெரிக்காவைக் காட்டுவார். 1996-ல் ஆக்சிகான்டின் எனும் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்த பர்டியூ குழுமம், அது அவ்வளவாக அடிமைப்படுத்தாது என்று திரித்துக் கூறி விற்ற குற்றத்தை 2007-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2020-ல் மீண்டும் குற்றங்களை ஒப்புக்கொண்டது. வலியைத் தீர்ப்பதாகச் சொல்லி வணிகம் வளர்த்த கதை அது. இலாபத்தை மருத்துவராக்கினால் விளைவு அதுதான்.

நம் நாடு எதிர்த்திசையில் ஓடியது. மத்தியப் பிரதேசத்திலும் இராசத்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் உரிமம் பெற்றே அபினுக்காகக் கசகசாச் செடி பயிராகிறது. எனினும் 1985-ன் போதைப் பொருள் சட்டம் விதித்த கடுந்தண்டனைக்கும் பல்வேறு உரிமங்களுக்கும் அஞ்சி, அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மார்பின் பயன்பாடு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வீழ்ந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி ஒரே உரிமம் போதுமென்றார்கள். சட்டம் தளர்ந்தது, அச்சம் அதே அளவில் தளரவில்லை. உலகக் கணக்கோ இன்னும் கொடிது. உலகில் ஆண்டுதோறும் வழங்கப்பட்ட ஏறத்தாழ 298 டன் மார்பின் வகை மருந்தில், ஏழை நாடுகளுக்குச் சென்றது டன்னில் பத்தில் ஒரு பங்கு என்று 2017-ல் லான்செட் ஆணையம் அறிவித்தது. ஏழையின் நரம்பு வேறு நரம்பா?

முதியவர் உடலில் கவனம் தேவை என்பது உண்மையே. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மார்பினின் எச்சம் உடலிலே தங்கும்; மூச்சு மந்தமாகும், மனம் குழம்பும், மலம் கட்டும், எழுந்து நடக்கையில் தள்ளாடும். ஆகவே சிறு அளவில் தொடங்கவேண்டும்; பாரசிட்டமாலும் நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் துணை நின்றால் மார்பினின் தேவை குறையும்; புண் ஆற ஆற நிறுத்தவேண்டும். ஆனால் வலியை அப்படியே விட்டுவிடுவதால் வரும் கேட்டையும் கணக்கில் சேர்க்கவேண்டாமா? வலிக்கு அஞ்சி ஆழ மூச்சிழுக்காத முதியவரின் நுரையீரலில் சளி தேங்கும். நடக்காத காலில் குருதி உறையும். தீராத வலியும் மனத்தைக் குழப்பும். மருந்துக்கு இருக்கும் விலையை மட்டும் எழுதி, மருந்தின்மைக்கு இருக்கும் விலையை மறைப்பது கள்ளக் கணக்கு.

“பெரியார் பொறுக்கவில்லையா?” என்று தோழர் ஒருவர் கேட்கக்கூடும். 1973 டிசம்பர் 19 அன்று, 94 வயதில், தியாகராய நகரில் ஆற்றிய இறுதிச் சொற்பொழிவினிடையே குடலிறக்க வலியால் அவர் துடித்தது ஒலிப்பதிவிலும் கேட்கிறது. ஐந்தாம் நாள் மறைந்தார். உண்மை, நெஞ்சு நடுங்க வைக்கும் உண்மை. ஆனால் அவர் வலியைப் போற்றவில்லை. பணி பெரிதென்று கருதியதால் வலியைப் பொருட்படுத்தவில்லை. தாமே தேர்ந்த பொறுமை அது. படுக்கையில் கிடக்கும் பாட்டிமீது நாம் ஏற்றும் பொறுமையை யார் தேர்ந்தார்? தேர்வே இல்லாத இடத்தில் பொறுமையை அறமென்று அழைப்பது எவ்வாறு?

இன்னொரு தடை உண்டு. வாழ்நாளெல்லாம் அடுப்படியில் சுட்டுக்கொண்ட கையை மறைத்தே பழகிய அம்மையார், “வலிக்கிறதா?” என்றால் “பரவாயில்லை” என்பார். அச்சொல்லை விடையாகக் கொள்ளலாகாது. இருமச் சொல்லுங்கள்; காலை மடக்கச் சொல்லுங்கள்; முகத்தைப் பாருங்கள். பின்பு மருத்துவரிடம் கேளுங்கள்: என்ன மருந்து, எவ்வளவு, மலம் இளக என்ன தருகிறீர்கள், எந்நாளில் நிறுத்துவீர்கள்?